தப்பு விரலில் இல்லை

திருச்சி எடமலைப்பட்டி புதூரில் தேர்தல் நாளன்று, பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றில், அட்டைத் தடுப்புக்குப் பின்னால் ஒரு வாக்காளர் நிற்கும் நேரம் அரை நிமிடம்கூட இருக்காது. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கட்டட வேலைக்குப் போகிறவர், முதல் ஓட்டுப் போட வந்திருக்கும் கல்லூரி மாணவி, எழுத்துக் கூட்டத் தெரியாத எண்பது வயதுப் பாட்டி என்று எல்லோரும் அதே பெட்டியின் முன்னால்தான் நிற்கிறார்கள். கையேடு கிடையாது, பயிற்சி வகுப்பு கிடையாது. பார்வை இல்லாதவர்களும் உடல் நலிந்தவர்களும் தவிர வேறு யாரும் துணைக்கு ஆளை அழைத்துப் போக முடியாது. ஐந்து வருடத்தில் இரண்டு மூன்று முறை மட்டுமே தொடுகிற கருவி என்பதால் பழக்கமும் கைகொடுக்காது. அப்படியும் அவர்கள் எல்லோரும் வேலையை முடித்துவிட்டு வெளியே வந்து, விரலில் மையைப் பார்த்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். கைபேசி ஆப் முதல் ஏடிஎம் வரை மனிதர் தொட்டு இயக்குகிற எந்தக் கருவிக்கும் இதைவிடக் கடினமான பரீட்சை இருக்க முடியாது. இந்தப் பரீட்சையில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் எப்படித் தேறுகிறது, எங்கே தவறுகிறது என்று பார்த்தால், இடைமுக வடிவமைப்பு பற்றிப் பெரிய புத்தகங்கள் சொல்வதில் முக்கால்வாசி நமக்கு நம் ஊரிலேயே கிடைத்துவிடும்.

இயந்திரத்தில் வாக்காளர் தொடும் பகுதியான பேலட் யூனிட்டைக் கிட்டத்தில் பாருங்கள். ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு வரிசை. வரிசை எண், பெயர், புகைப்படம், சின்னம், அதற்கு நேர் வலப்பக்கம் ஒரு சிறு சிவப்பு விளக்கு, ஒரு நீலப் பொத்தான். பொத்தானுக்குப் பக்கத்தில் பிரெய்லில் எண். சின்னத்திலிருந்து கண்ணைக் கிடைமட்டமாக நகர்த்தினால் விரல் போக வேண்டிய இடத்துக்கு வந்துவிடும். வழியில் வேறு எதுவும் குறுக்கிடாது. ஒரு யூனிட்டில் 16 வரிசைகள். வேட்பாளர்கள் பத்துப் பேர்தான் என்றால் மிச்சமிருக்கும் பொத்தான்கள் மறைக்கப்பட்டுவிடும். பயன்படாத பொத்தான் கண்ணில் படாததால், அதை அழுத்திவிடுவோமோ என்ற பயத்துக்கே இடமில்லை. மேலே பச்சை விளக்கு எரிந்தால் இயந்திரம் தயார். பொத்தானை அழுத்தியதும் சிவப்பு விளக்கு எரிகிறது, நீளமாக ஒரு பீப் ஒலி கேட்கிறது. பக்கத்தில் இருக்கும் விவிபாட் கருவியின் கண்ணாடிக்குள் சின்னம் அச்சான சீட்டு ஏழு வினாடி தெரிந்து, பிறகு தானே அறுந்து பெட்டிக்குள் விழுகிறது. பதற்றத்தில் ஒருவர் இரண்டு மூன்று தடவை அழுத்தினாலும் முதல் அழுத்தம் மட்டுமே ஓட்டு.

இந்த எளிமை தானாக வந்ததில்லை. முதல் பொதுத்தேர்தல் 1951 இறுதியிலும் 1952 தொடக்கத்திலும் நடந்தபோது, 1951 கணக்கெடுப்பின்படி நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 100-க்கு 18 பேர். பெயரைப் படித்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருந்தால் மீதிப் பேரில் பெரும்பாலோருக்கு ஓட்டுரிமை காகிதத்தில்தான் இருந்திருக்கும். முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென்னின் காலத்தில் கண்ட வழி, வேட்பாளருக்கு ஒரு பெட்டி, பெட்டியின் மேல் ஒரு சின்னம். சீட்டில் எதுவும் எழுத வேண்டாம், குத்த வேண்டாம். வேண்டிய பெட்டிக்குள் போட்டால் போதும். படிக்கும் வேலையை வாக்காளரிடமிருந்து எடுத்து, பெட்டிகளைச் சுமக்கும் வேலையை அரசு தன் தலையில் போட்டுக்கொண்டது. தமிழ்நாட்டில் சின்னம் எவ்வளவு ஆழமாக வேரூன்றியது என்பதற்கு, 1973 திண்டுக்கல் இடைத்தேர்தலில் வந்த இரட்டை இலை ஒன்றே போதும். உயர்த்திய இரண்டு விரல்களே ஒரு கட்சியின் பெயராகிவிட்டன. அதே முதல் தேர்தலில் எதிர்த்திசையில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். பட்டியல் எடுக்க வந்தவர்களிடம் தங்கள் சொந்தப் பெயரைச் சொல்லாமல் 'இன்னாருடைய மனைவி', 'இன்னாருடைய மகள்' என்று மட்டும் சொன்ன சுமார் 28 லட்சம் பெண்களின் பெயர்கள் வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. வாக்களிக்கும் கட்டம் மக்களின் இயல்புக்கு வளைந்து கொடுத்தது. பதிவு செய்யும் கட்டமோ மக்கள் தனக்கு வளைய வேண்டும் என்று எதிர்பார்த்தது. ஒரே தேர்தல், ஒரே ஆணையம், ஒரே மக்கள். கேள்வியை எந்தப் பக்கம் நின்று கேட்டார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

பிறகு ஒரே சீட்டில் எல்லாப் பெயர்களும் சின்னங்களும் அச்சாகி, ரப்பர் முத்திரை குத்தும் முறை வந்தது. அந்த முத்திரைக்குள்ளும் ஒரு நல்ல யோசனை இருந்தது. ஈரம் காயாமல் சீட்டை மடித்தால் மை எதிர்ப்பக்கத்தில் இருக்கும் இன்னொரு சின்னத்தின் மேல் ஒட்டிக்கொள்ளும். எது குத்தியது, எது ஒட்டியது என்று தெரியாவிட்டால் ஓட்டு வீண். அதனால் முத்திரைக்குச் சுழல்வதுபோன்ற அம்புக்குறி வடிவம் கொடுத்தார்கள். ஒட்டிக்கொண்ட பிம்பம் கண்ணாடியில் தெரிவதுபோல எதிர்த்திசையில் சுழலும். எண்ணுகிறவர் ஒரு பார்வையில் அசலைக் கண்டுபிடித்துவிடுவார். வாக்காளர் சீட்டைத் தப்பாக மடிப்பார் என்று முன்கூட்டியே ஊகித்து, அந்தத் தப்பு அவருடைய ஓட்டைப் பறிக்காதபடி செய்த ஏற்பாடு இது. ஆனால் எல்லாத் தப்புக்கும் முத்திரையின் வடிவம் மருந்தாகாது. இரண்டு கட்டங்களுக்கு நடுக்கோட்டில் குத்தியவை, இரண்டு இடத்தில் குத்தியவை, குத்தாமலே மடித்தவை என்று செல்லாத ஓட்டுகள் 100-க்கு இரண்டு மூன்று வந்துகொண்டே இருந்தன. 1990-களின் பிற்பகுதியில் மக்களவைத் தேர்தல்களில் 30 கோடிக்கு மேல் வாக்குகள் பதிவாகின. அதில் 100-க்கு இரண்டு என்று வைத்தாலே 60 லட்சம் பேர். அந்த 60 லட்சம் பேரும் வரிசையில் நின்றவர்கள்தான், மனதில் ஒருவரைத் தேர்ந்தெடுத்தவர்கள்தான். 1996-இல் ஈரோட்டுப் பக்கம் மொடக்குறிச்சியில் 1,033 பேர் போட்டியிட்டபோது வாக்குச்சீட்டையே புத்தகம்போல அச்சிட வேண்டியதாயிற்று. காகிதத்தின் எல்லை அங்கே வெட்டவெளிச்சமானது.

இயந்திரத்தின் கதையில் ஸ்ரீரங்கத்துக்கு நேரடியான பங்கு உண்டு. ஸ்ரீரங்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்து, திருச்சி புனித ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்து, பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த எஸ். ரங்கராஜன், இந்த இயந்திரத்தின் வடிவமைப்பையும் உற்பத்தியையும் மேற்பார்வையிட்டவர்களில் முக்கியமானவர். தமிழ் வாசகர்களுக்கு அவர் சுஜாதா. வெளித்தோற்ற வடிவமைப்பில் மும்பை ஐஐடி-யின் தொழில்துறை வடிவமைப்பு மையத்தின் பேராசிரியர்கள் பங்கேற்றார்கள். 1982-இல் கேரளத்தின் பரவூரில் 50 வாக்குச்சாவடிகளில் இயந்திரம் முதன்முதலில் இறங்கியது. சட்டத்தில் இடமில்லை என்று 1984-இல் உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. 1989-இல் சட்டம் திருத்தப்பட்டது. 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாடு முழுவதும், 2004 மக்களவைத் தேர்தலில் நாடு முழுவதும் இயந்திரம்தான்.

அந்தப் பொறியாளர்கள் எடுத்த மிகச் சிறந்த முடிவு, இயந்திரத்தை இரண்டாகப் பிரித்தது. வாக்காளரிடம் பேலட் யூனிட். ஐந்து மீட்டர் கம்பியின் மறுமுனையில் தேர்தல் அலுவலரிடம் கன்ட்ரோல் யூனிட். ஓட்டைத் திறந்துவிடுவது, மொத்தம் பார்ப்பது, வாக்குப்பதிவை முடிப்பது, முடிவு காட்டுவது, அழிப்பது என்று சிக்கலான பொத்தான்கள் எல்லாம் அலுவலர் பக்கம் போயின. சிலவற்றுக்கு மூடி, மூடிக்கு மேல் அரக்கு முத்திரை. வாக்காளருக்கு எஞ்சியது ஒரே ஒரு செயல். நிமிடத்துக்கு நான்கைந்து ஓட்டுகளுக்கு மேல் பதிவாகாது என்ற தடையும் உள்ளேயே வைக்கப்பட்டது. பூத்தைக் கைப்பற்றிக் கட்டுக்கட்டாகக் குத்துகிறவர்களுக்கு அது முட்டுக்கட்டை. சிக்கலை யாராலும் ஒழித்துவிட முடியாது. அதை யார் சுமப்பது என்று மட்டுமே தீர்மானிக்க முடியும். நல்ல இடைமுகம் என்பது அந்தச் சுமையை, தாங்கக்கூடியவர் தலையில் தெரிந்தே ஏற்றி வைப்பது. மோசமான இடைமுகம் அதைப் பயனர் தலையில் போட்டுவிட்டு, அவர் தடுமாறும்போது அவருக்குப் படிப்பு போதாது என்கிறது.

இதற்கு அமெரிக்கா ஒரு கசப்பான சான்று கொடுத்தது. 2000 அதிபர் தேர்தலில் ஃபுளோரிடாவின் பாம் பீச் மாவட்டத்தில், முதியோருக்கு எழுத்துப் பெரிதாகத் தெரியட்டும் என்ற நல்லெண்ணத்தில், வேட்பாளர் பெயர்களை இரண்டு பக்கமாகப் பரப்பி, நடுவில் ஒரே வரிசையில் துளைகளை வைத்தார்கள். இடப்பக்கத்தில் இரண்டாவது பெயர் அல் கோர்; அவருக்கான துளையோ மூன்றாவது. இரண்டாவது துளை வலப்பக்கத்தில் இருந்த பேட் புக்கானனுடையது. அந்த ஒரு மாவட்டத்தில் புக்கானனுக்கு 3,407 ஓட்டு விழுந்தது. அவற்றில் பல தனக்கானவை அல்ல என்று அவரே சொன்னார். இரண்டு துளை போட்டுச் செல்லாமல் போன சீட்டுகள் 19,000-க்கு மேல். மாநிலத்தின் முடிவை, அதன் மூலம் நாட்டின் அதிபரைத் தீர்மானித்த வித்தியாசம் 537 ஓட்டு. பாம் பீச் வாக்காளர்கள் படிக்காதவர்கள் அல்ல. கண்ணும் விரலும் ஒரே கோட்டில் செல்ல முடியாதபடி வடிவம் குழப்பியது, அவ்வளவே. நம் பேலட் யூனிட்டில் சின்னத்துக்கு நேராகவே பொத்தான் இருப்பது சாதாரண விஷயமாகத் தெரிகிறதென்றால், அது சரியாகச் செய்யப்பட்டிருப்பதால்தான்.

எதிர்ப்பக்கத்துச் சான்று பிரேசிலில் கிடைக்கிறது. அங்கே வேட்பாளரின் பெயரையோ எண்ணையோ காகிதத்தில் எழுத வேண்டியிருந்தது. 1998 தேர்தலில் 40,500 வாக்காளர்களுக்கு மேல் உள்ள நகராட்சிகளுக்கு மட்டும் மின்னணு இயந்திரம் கொடுத்தார்கள். மற்ற ஊர்களில் காகிதமே தொடர்ந்தது. இந்த எல்லைக்கோட்டின் இரு பக்கமும் இருந்த ஊர்களைப் பொருளாதார அறிஞர் தாமஸ் ஃபுஜிவாரா ஒப்பிட்டு ஆராய்ந்து 2015-இல் வெளியிட்டார். மாநிலச் சட்டமன்றத் தேர்தலில் வெற்றாகவும் செல்லாமலும் போன வாக்குகள் மொத்த வாக்குகளில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தன. அப்படிப் புதிதாகக் கணக்கில் ஏறியவை பெரும்பாலும் குறைவாகப் படித்த ஏழைகளின் ஓட்டுகள். அதைத் தொடர்ந்து பொதுச் சுகாதாரத்துக்கு மாநிலங்கள் செலவிட்ட பங்கு கூடியது. படிப்புக் குறைந்த தாய்மார்கள் கர்ப்ப காலத்தில் மருத்துவரைப் பார்ப்பது அதிகரித்து, எடை குறைந்த குழந்தைகள் பிறப்பது குறைந்தது. திரையும் பொத்தானும் குழந்தையின் எடையை மாற்றும் என்று யாராவது வாயால் சொன்னால் நம்ப மாட்டோம். ஆனால் ஓட்டுச் செல்லும், ஓட்டுச் செல்வதால் ஆட்சி கவனிக்கும், கவனிப்பதால் ஆஸ்பத்திரி நடக்கும் என்ற சங்கிலியில் இடறுகிற கண்ணி எதுவும் இல்லை. வடிவமைப்பை அழகு சம்பந்தப்பட்ட விஷயமாக மட்டும் பார்க்கிறவர்கள் இந்த ஆய்வை ஒரு தடவை படிக்க வேண்டும்.

சரி, குறை சொல்ல இடமே இல்லையா என்று கேட்கலாம். இடைமுகப் பாடத்தில் முதல் வரிசையில் வரும் விதி ஒன்று உண்டு: தப்பாக அழுத்தியதைத் திருத்திக்கொள்ள வழி இருக்க வேண்டும். நம் இயந்திரத்தில் அது இல்லை. பிரேசிலில் வேட்பாளரின் எண்ணைத் தட்டினால் படம் வருகிறது. பச்சைப் பொத்தான் உறுதி செய்ய, ஆரஞ்சுப் பொத்தான் திருத்த. இதைப் பார்த்து நம்முடையது பின்தங்கியது என்று முடிவுகட்டுவது அவசரம். திருத்தும் பொத்தான் வந்தால் ஒவ்வொரு ஓட்டும் இரண்டு படியாகும். முதல் படியிலேயே வேலை முடிந்தது என்று நினைத்துத் திரும்பிவிடுகிற பாட்டியின் ஓட்டு அந்தரத்தில் நிற்கும். எண்ணைத் தட்டும் முறைக்கு வாக்காளர் எண்ணை நினைவில் வைத்திருக்க வேண்டும். நமக்கு முன்னாலேயே சின்னம் இருக்கிறது. ஒரு விதியை எந்த இடத்தில் தளர்த்துவது என்பது யாருக்காகச் செய்கிறோம் என்பதைப் பொறுத்தது. இங்கே செய்தவர்களின் தேர்வு சரியென்றே நினைக்கிறேன்.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் கனமானது. எளிமை என்பது உள்ளே நடப்பதை மறைக்கும் திரையாகிவிடாதா? சிவப்பு விளக்கு எரிந்ததாலேயே என் ஓட்டு நான் போட்டவருக்குத்தான் போனது என்று எப்படித் தெரியும்? இந்தக் கேள்வியை அரசியல்வாதியின் புலம்பல் என்று ஒதுக்குகிறவர்களுக்கு, 1979 மார்ச்சில் அமெரிக்காவின் மூன்று மைல் தீவு அணுமின் நிலையத்தில் நடந்தது பதில் சொல்லும். அழுத்தத்தை வெளியேற்றும் வால்வு ஒன்று மூடாமல் சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையின் விளக்கோ, மூடு என்ற கட்டளை போய்விட்டது என்பதை மட்டுமே காட்டியது. வால்வு உண்மையில் மூடியதா என்பதை அல்ல. விளக்கை நம்பிய ஊழியர்கள் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஏமாந்தார்கள், அணு உலையின் மையப்பகுதி ஓரளவு உருகியது. விசாரணைக்கு அழைக்கப்பட்டவர்களில் ஒருவரான உளவியலாளர் டொனால்ட் நார்மன், குற்றம் ஊழியர்கள் மேல் இல்லை, அந்த அறையின் வடிவமைப்பின் மேல்தான் என்ற முடிவுக்கு வந்தார். அவருடைய பிற்காலத்து வடிவமைப்புச் சிந்தனைக்கு அந்த அனுபவம் ஒரு விதை. சிவப்பு விளக்கும் அப்படித்தான்: பொத்தான் அழுத்தப்பட்டதைச் சொல்லும், பதிவானதைச் சொல்லாது. 2013-இல் நாகாலாந்தின் நோக்சென் தொகுதியில் தொடங்கிய விவிபாட் சீட்டு அந்த இடைவெளியை அடைக்க வந்தது. ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம் 2009 மார்ச்சில், தொழில்நுட்ப அறிவு இல்லாத குடிமகனால் சரிபார்க்க முடியாத வாக்கு இயந்திரம் சாசனத்துக்கு விரோதமானது என்று தீர்ப்பளித்தது. நம் உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரலில் காகிதத்துக்குத் திரும்பும் கோரிக்கையையும் எல்லாச் சீட்டுகளையும் எண்ணும் கோரிக்கையையும் நிராகரித்தது. தீர்ப்புகள் எதிரெதிர்த் திசையில் போனாலும், கேட்ட கேள்வி ஒன்றுதான். சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளும் வழியும் இடைமுகத்தின் ஒரு பகுதி. அதைக் கூடுதல் வசதியாகப் பின்னால் ஒட்டவைத்தது நம் வடிவமைப்பின் குறை.

வேறு குறைகளும் உண்டு. 2024 மக்களவைத் தேர்தலில் பக்கத்துக் கரூரில் 54 பேர் போட்டியிட்டார்கள். நோட்டாவையும் சேர்த்தால் 55 பொத்தான்கள், அதாவது நான்கு பேலட் யூனிட்டுகள் வரிசையாக. பத்துப் பேருக்கு நடுவில் கண்ணில் படும் சின்னம் 55-க்கு நடுவில் தேட வேண்டியதாகிறது. அதே தேர்தலில் ராமநாதபுரத்தில் ஓ. பன்னீர்செல்வம் பலாப்பழச் சின்னத்தில் நின்றபோது, அதே பெயரும் அதே முதலெழுத்தும் கொண்ட வேறு சிலரும் களத்தில் இருந்தார்கள். 2015-இல் சேர்க்கப்பட்ட வேட்பாளர் புகைப்படம் இல்லாதிருந்தால் பெயரைப் படிக்கத் தெரிந்தவரே அதிகம் ஏமாந்திருப்பார். இவற்றைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அலுவலர் பக்கத்துக் குறை. காலையில் ஏஜென்ட்டுகள் முன்னிலையில் மாதிரி வாக்குப்பதிவு நடத்தி, முடித்து, முடிவு காட்டி, அழித்த பிறகுதான் அசல் வாக்குப்பதிவைத் தொடங்க வேண்டும். 2019 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டிலேயே சில வாக்குச்சாவடிகளில் அழிக்க மறந்து தொடங்கிவிட்டார்கள். மாதிரி ஓட்டும் அசல் ஓட்டும் கலந்துவிட்டன. முதல் நாள் மதியமே பெட்டியோடு வந்து, பள்ளிக்கூட பெஞ்சில் படுத்து, விடியுமுன் எழுந்த ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் அவர்கள். அவர்களுக்கு நோட்டீஸ் அனுப்புவது எளிது. எண்ணிக்கை பூஜ்யமாக இல்லாவிட்டால் குறித்த நேரத்துக்குப் பிறகு முதல் ஓட்டை ஏற்காமல் எச்சரிக்கும்படி இயந்திரத்தைச் செய்வது அதைவிடப் பயனுள்ளது. வாக்காளருக்குக் காட்டிய கரிசனம் அலுவலருக்கும் வேண்டும்.

இப்போது எல்லோர் கையிலும் கைபேசி இருக்கிறது, மக்கள் எல்லாவற்றுக்கும் பழகிவிட்டார்கள், இனி இந்தக் கவலை எதற்கு என்று கேட்கிறவர்கள் உண்டு. பழகியது உண்மை. எதற்குப் பழகினார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். எடமலைப்பட்டி புதூரின் காய்கறிக் கடையிலும் யுபிஐ பரவியதற்கு, தமிழில் தொகையைச் சொல்லும் அந்தச் சிறு ஒலிப்பெட்டி பெரிய காரணம். தராசில் இருக்கும் கையை எடுக்காமல், குறுஞ்செய்தியைத் திறந்து படிக்காமல், பணம் வந்துவிட்டது என்று கடைக்காரருக்குத் தெரிகிறது. வாக்குப்பதிவு இயந்திரத்தின் பீப் ஒலி செய்த அதே வேலை. மாறாக, சான்றிதழுக்கு இணையத்தில் விண்ணப்பிக்கிறவர் ஆங்கிலத்தில் பெயரின் முதலெழுத்தை முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்று தடுமாறி, ஓடிபி வருவதற்குள் நேரம் முடிந்து, நிரப்பியதெல்லாம் அழிந்து, கடைசியில் இ-சேவை மையத்தில் வரிசையில் நிற்கிறார். முதலெழுத்துப் பழக்கம் தமிழர் எல்லோருக்கும் உள்ளது; படிவத்தை எழுதியவருக்கும்தான். 1951-இல் பெயர் சொல்லாத பெண்களைப் பட்டியலிலிருந்து நீக்கிய மனப்போக்கு, இன்று சிவப்பு எழுத்தில் 'தவறான உள்ளீடு' என்று வருகிறது. எளிமையாகச் செய்தால் தேர்ந்தவர்களுக்கு வசதி குறையும் என்ற வாதத்தையும் இந்த இடத்தில் பொருத்திப் பாருங்கள். ஒலிப்பெட்டியால் எந்தப் பட்டதாரிக்கு நஷ்டம்? பாட்டிக்காக நேராக வைத்த பொத்தான் பேராசிரியருக்கும் நேராகத்தான் இருக்கிறது.

நவல்பட்டு எல்காட் வளாகத்திலும், என்ஐடி-யின் ஆய்வுக்கூடங்களிலும், வாடகை அறைகளிலும் உட்கார்ந்து ஆப் செய்யும் இளைஞர்கள் திருச்சியில் நிறைய இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஐந்து பேரிடம் கொடுத்துப் பார்த்தாலே பயன்பாட்டுச் சிக்கல்களில் சுமார் 85 சதவீதம் வெளிப்பட்டுவிடும் என்று ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த ஐந்து பேரை உங்கள் வகுப்பிலிருந்து எடுக்காதீர்கள். பஞ்சப்பூர் பேருந்து முனையத்துக்கோ எடமலைப்பட்டி புதூர் கடைத்தெருவுக்கோ போய், உங்கள் ஆப்பை ஒருபோதும் பார்த்திராத ஐந்து பேரிடம் கைபேசியைக் கொடுத்து, செய்ய வேண்டிய வேலையை மட்டும் சொல்லிவிட்டு, வாய் திறக்காமல் பாருங்கள். விரல் எங்கே தயங்கி நிற்கிறதோ அந்தத் திரையைக் குறித்துக்கொள்ளுங்கள். வெளியிடுவதற்கு முன் அதை மாற்றுங்கள்.